ராயர் பெற்ற திருமலை தேவன்

புரட்டாசித் திங்களில் மலைச்சரிவின் ஏலத்தோட்டங்களினின்று இறங்கி வரும் அடியார்கள், போடிமெட்டு வளைவுகளைக் கடந்து போடிநாயக்கனூர் எல்லையை மிதித்தவுடன் நினைந்து கைகூப்புவது சீனிவாசப் பெருமாளையே. வடவேங்கடத்து அண்ணலின் திருநாமம் இம்மேற்கு மலையடிவாரத்தில் இத்துணை ஆழமாக வேரூன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. விசயநகரப் பேரரசின் காலத்தில் தெலுங்கு நாட்டினின்று தெற்கே வந்த குடிகள், தங்கள் குலதெய்வங்களோடு திருவேங்கடமுடையானையும் நெஞ்சில் சுமந்தே வந்தனர். போடி பாளையத்தை ஆண்ட குடியினரும் குத்திக் கோட்டைப் பகுதியிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் என்பது அக்குடும்பத்தின் வழிவழிச் செய்தி. அப்பேரரசின் மாமன்னராய் விளங்கிய கிருஷ்ணதேவராயரை அறியாத வைணவர் இலர். ஆனால் அவர் தவமிருந்தாற்போல் பெற்று, திருமலையானின் பெயரையே சூட்டி, ஆறு வயதில் அரியணையேற்றி, அவ்வாண்டிலேயே பறிகொடுத்த அருமை மகனை நினைப்பார் மிகச் சிலரே. அவ்விளங்குமரனின் குறுகிய வாழ்வே ஈண்டுச் சொல்லப் புகுவது.

குழந்தைகளும் அரியணையும்

அச்சிறுவனின் கதை அவன் பிறப்பதற்கு முன்பே தொடங்கி விடுகிறது. விசயநகரத்தில் அரசுரிமை பெற்ற இளங்குழந்தைகளுக்கு நேர்ந்த கதி நல்லதாக இருந்ததில்லை. 1491ஆம் ஆண்டில் சாளுவ நரசிம்மர் மறைந்தபோது அவருடைய புதல்வர்கள் சிறுவர்கள். அவர்களைக் காக்கும் பொறுப்பைப் படைத்தலைவர் நரச நாயக்கர் ஏற்றார். மூத்தவன் விரைவில் கொலையுண்டான். இளையவனாகிய இம்மடி நரசிம்மன் பெயரளவில் அரசன். பெனுகொண்டாக் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டான். நரச நாயக்கர் 1503இல் காலமான பின், 1505இல் அவ்விளைஞனும் கொல்லப்பட்டான். நரச நாயக்கரின் மூத்த மகன் வீரநரசிம்மர் அரசராக முடிசூடிக் கொண்டார். துளுவ வமிசம் இவ்வாறுதான் அரியணை ஏறியது. கிருஷ்ணதேவராயர் இந்த வீரநரசிம்மருக்கு இளையவர். வேறு தாய் வயிற்றுப் பிள்ளை.

வீரநரசிம்மர் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தபோது அவருக்கு எட்டு வயதில் ஒரு மகன் இருந்தான். தம் மகனே ஆள வேண்டும் என்ற ஆசை அவரை வாட்டியது. அமைச்சர் சாளுவ திம்மரசரை அழைத்து, தம்பி கிருஷ்ணனின் கண்களைப் பிடுங்கிக் கொணருமாறு ஆணையிட்டார் என்று பெர்னாவோ நூனிஸ் என்னும் போர்த்துகீசியர் எழுதி வைத்திருக்கிறார். திம்மரசர் கிருஷ்ணனைக் குதிரை இலாயத்திற்கு அழைத்துச் சென்று செய்தியைச் சொன்னார். தமக்கு அரசு வேண்டியதில்லை, யோகியாய் உலகில் திரிவதே விருப்பம் என்று அவ்விளைஞர் விடை கூறினாராம். அமைச்சர் மனம் இளகினார். ஓர் ஆட்டின் கண்களைப் பிடுங்கி மன்னரிடம் காட்டி, கிருஷ்ணனின் பார்வையையும் உயிரையும் காத்தார். 1509இல் கிருஷ்ணதேவராயர் அரசரானார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் உரிமை ஒதுங்கிய இடத்தில்தான் அவருடைய இருபதாண்டுப் பொற்காலம் எழுந்தது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தெனாலிராமன் கதைகளோடு கேட்டு மகிழும் அப்பாஜி இத்திம்மரசரே ஆவார். ராயர் அவரைத் தந்தையாகவே எண்ணி அப்பாஜி என்று அழைத்தார். கதைகளில் அப்பாஜியின் கூர்மதி மட்டுமே வரும். அவருடைய முடிவு வருவதில்லை.

திருமலையில் ஏழு முறை

அரசரான சில ஆண்டுகளில் கிருஷ்ணதேவராயர் கிழக்கே கலிங்க கஜபதியின் மீது படையெடுத்தார். உதயகிரிக் கோட்டையை நெடுநாள் முற்றுகையிட்டு 1514இல் கைப்பற்றினார். போரினின்று திரும்புகையில் அவர் கொணர்ந்த செல்வங்களுள் தலையாயது பொன்னன்று. ஒரு பாலகிருஷ்ணன் திருமேனி. அதனைத் தலைநகரில் தனிக் கோயில் எடுத்து 1515இல் பிரதிஷ்டை செய்தார். அம்பியில் இன்றும் கிருஷ்ணன் கோயில் என வழங்குவது அதுவே. திருமேனியோ சென்னை அரசு அருங்காட்சியகத்திற்கு வந்து சேர்ந்தது. தமக்கென ஒரு மகன் பிறவாத அந்நாளில், மன்னர் தவழும் கண்ணனைத் தம் ஊருக்கு எடுத்து வந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

திருவேங்கடமுடையானிடம் அவர் கொண்ட ஈடுபாடோ அளவிறந்தது. 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்குச் சென்று சேவித்தார் என்பதைத் திருமலைக் கல்வெட்டுகளே கூறுகின்றன. முதல் யாத்திரை 1513 பிப்ரவரி 10ஆம் நாள். பட்டத்தரசி திருமலைதேவியும் சின்னாதேவியும் உடன் வந்து, பெருமாளுக்குப் பால் அமுது செய்விக்கப் பொற்கிண்ணங்களைச் சமர்ப்பித்தனர். உதயகிரி வெற்றிக்குப் பின் 1514இல் வந்தபோது 30,000 பொற்காசுகளால் கனகாபிஷேகம் நிகழ்த்தினார். 1517இல் ஆனந்த நிலய விமானத்திற்குப் பொன் வேய 30,000 வராகன் வழங்கினார். இன்றும் திருமலையின் உள்வாயிலைக் கடக்கும் சேவார்த்திகள், இரு தேவியருக்கு நடுவே கைகூப்பி நிற்கும் ராயரின் செப்புத் திருவுருவைக் காணலாம். மணிமுடி தரித்த வேந்தர், கோயிலுக்குள் வந்து போகும் ஏழை எளியவர் அனைவரையும் நோக்கிக் கும்பிட்டபடியே நிற்கிறார்!

தென்பாண்டி நாட்டவர்க்கு ராயர் மற்றொரு வகையிலும் உரியவர். ஆந்திர நாட்டு ஸ்ரீகாகுளத்துப் பெருமாள் கனவில் வந்து பணித்தபடி அவர் தெலுங்கில் இயற்றிய ஆமுக்த மால்யதா என்னும் காவியம், நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் சரிதமே. துளசிச் செடியடியில் ஒரு குழந்தையைக் கண்டெடுத்து, பூமாலையோடு பாமாலையும் கற்பித்து வளர்த்து, முடிவில் அரங்கனிடமே அவளைக் கொடுத்துவிட்டுத் தனித்து நின்ற பெரியாழ்வாரைப் பற்றிய காவியம் அது. பெற்ற பிள்ளையைப் பெருமாளே எடுத்துக்கொண்ட ஒரு தந்தையின் கதையை எழுதிய கை, தன் பிள்ளையை இழந்த கையாகவும் ஆனது.

பிறப்பும் பெயரும்

திருமலைதேவியின் வயிற்றில் ஏறத்தாழ 1518இல் அம்மகவு பிறந்தது. வேங்கட மலையையும் தாயையும் ஒருங்கே நினைவூட்டும்படி திருமலை என்றே பெயரிட்டனர். சிலர் திருமலை தேவன் என்பர். கல்வெட்டுகள் திருமலை மகாராயர் என்று மரியாதையுடன் சுட்டும். மன்னருக்குப் பெண் மக்கள் இருந்தனர். அவர்களுள் ஒருத்தியே பிற்காலத்தில் பேரரசை நடத்திய இராமராயரின் மனைவி. ஆயினும் அரசுக்கு ஆண் வாரிசாக வந்தவன் இவனே.

அச்சிறுவன் வளர்ந்த ஆண்டுகள் விசயநகரத்தின் உச்சக்கட்ட ஆண்டுகள். 1520இல் ராய்ச்சூர் கோட்டை வீழ்ந்தது. அதே காலத்தில் டொமிங்கோ பயஸ் என்னும் மற்றொரு போர்த்துகீசியர் தலைநகரைக் கண்டு, மகாநவமித் திருநாளின் ஒன்பது நாட்களையும் வியந்து எழுதினார். யானைகளும் குதிரைகளும் அணிவகுக்க, நாட்டியமும் மற்போரும் வாணவேடிக்கையும் நிகழ்ந்த அக்காட்சிகளின் நடுவே அரண்மனைக் குழந்தைகளும் இருந்திருப்பர். பயஸ் எழுதிய குறிப்பொன்று கருதத்தக்கது. மன்னர் நடுத்தர உயரமும் பொலிவும் உடையவர்; முகத்தில் அம்மைத் தழும்புகள் இருந்தன என்கிறார். பேரரசரானாலும் பெருநோய்க்கு அக்காலத்தில் மருந்தில்லை. அரண்மனை மதில்கள் பகைவரைத் தடுக்கும். அம்மையையும் காய்ச்சலையும் தடுக்கா.

ஆறு வயதில் முடி

1524ஆம் ஆண்டு. மன்னர் ஒரு முடிவுக்கு வந்தார். தாம் உயிரோடு இருக்கும்போதே மகனை அரசனாக்கிவிட வேண்டும் என்பது அது. அவர் முதுமை எய்திவிடவில்லை, நோய்வாய்ப்பட்டும் இல்லை. ஆயினும் சாளுவ நரசிம்மரின் மக்கள் பட்ட பாட்டையும், தம் அண்ணன் மகனின் உரிமை போன விதத்தையும் அவரினும் நன்கறிந்தார் யார்? தாம் கண்மூடிய பின் ஒரு சிறுவனை எவர் காப்பார் என்ற அச்சம் அவரைத் தூண்டியிருக்க வேண்டும். தம் கண் எதிரிலேயே முடிசூட்டி, நாடறிய நிலைநாட்டி விட்டால் மறுப்பார் இரார் என்று அவர் எண்ணினார் போலும். தசரதச் சக்கரவர்த்தியும் இவ்வாறே எண்ணினான். இராமகாதை படிப்போர்க்கு அதன் விளைவு தெரியும்.

நூனிஸ் எழுதியவாறு, ராயர் தாமே அரியணையை விட்டு இறங்கி, ஆறு வயது மகனை அதில் அமர்த்தினார். தாம் மகனுக்கு அமைச்சராக நின்றார். அதுவரை அமைச்சராய் இருந்த திம்மரசர் ஆலோசகரானார். திம்மரசரின் மகன் திம்ம தண்டநாயகனுக்கு உயர் பதவி கிடைத்தது. உலகையே நடுங்கச் செய்த வேந்தர், தம் மடியில் தவழ்ந்த பிள்ளையின் முன்னே கைகட்டி நின்ற காட்சி தலைநகருக்கே புதிது. பட்டாபிஷேகக் கொண்டாட்டங்கள் எட்டுத் திங்கள் நீடித்தன. 1524ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சிலவற்றில் தந்தையின் இடத்தில் மகனின் பெயரே அரசர் பெயராகக் காணப்படுவதும் இச்செய்திக்கு அரண் செய்கிறது.

அந்த எட்டுத் திங்களில் அச்சிறுவன் என்ன பேசினான், எதற்குச் சிரித்தான், யார் தோளில் ஏறி விளையாடினான் என்பவற்றை எந்தக் கல்லும் ஏடும் சொல்லவில்லை. அவன் பெயரால் நிகழ்ந்த கைங்கர்யம் ஒன்று மட்டும் கல்லாய் நிற்கிறது. தலைநகருக்குத் தென்மேற்கே, இன்றைய ஹோஸ்பேட்டைக்கு அணித்தாக, மகன் பெயரால் திருமலை மகாராயபுரம் என ஒரு புறநகர் அமைந்தது. அங்கே அனந்தபத்மநாபப் பெருமாளுக்கு ராயர் ஒரு பெருங்கோயில் எழுப்பினார். 1524ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கு உள்ளது. அவ்வூர் இப்போது அனந்தசயனகுடி எனப்படுகிறது.

விழா நடுவே வந்த இழவு

கொண்டாட்டம் ஓயுமுன்னே சிறுவன் நோயுற்றான். அரண்மனை மருத்துவமும் கோயில் பிரார்த்தனைகளும் பயன் தரவில்லை. மேளவாத்தியங்கள் முழங்கிய நகரில் திருமலை தேவன் ஆசாரியன் திருவடி சேர்ந்தான். ஆறு அல்லது ஏழு வயது. எட்டுத் திங்கள் அரசு. விட்டிறங்கிய அரியணையில் தந்தையே மீண்டும் ஏறி அமர வேண்டியதாயிற்று.

மகன் இறந்தது நோயால் என்றே முதலில் அனைவரும் எண்ணினர். பின்னர் மன்னர் செவிக்கு வேறொரு செய்தி எட்டியது. திம்மரசரின் மகன் நஞ்சு வைத்துக் கொன்றான் என்பது அது. சொன்னவர் யார், சான்று என்ன என்பதை நூனிஸ் விளக்கவில்லை. அவர் விசயநகரில் வாழ்ந்தது இந்நிகழ்ச்சிகளுக்குப் பத்தாண்டு கழித்து, 1535-37 ஆண்டுகளை ஒட்டி; குதிரை வணிகராய் வந்து நகரில் கேட்டறிந்ததையே எழுதினார். அவருடைய ஏடும் பயசின் ஏடும் பாரிசில் கிடந்து 1897இல்தான் அச்சேறின. 1900இல் இராபர்ட் சிவெல் அவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்ட பின்னரே நம்மவர் இக்கதையை விரிவாக அறிந்தனர். புதிய அரசனின் ஆட்சியில் உயர் பதவி பெற்ற ஒருவன், அவ்வரசனையே கொல்லத் துணிந்தது ஏன் என்ற வினாவுக்கு அவ்வேட்டில் விடையில்லை. சிறுவன் நோயுற்றுக் கிடந்தான் என்று முதலில் எழுதியவரும் அதே நூனிஸ்தான். மகனை இழந்த தந்தையின் மனம் காரணம் தேடும். அரண்மனையில் காரணம் சொல்வதற்கு ஆட்கள் எப்போதும் உண்டு.

ராயர் திம்மரசரையும் அவர் உறவினரையும் அவைக்கு வரவழைத்தார். வணங்க வந்தவர்களைச் சிறைப்பிடிக்க, அப்போது குதிரைகளுடன் நகரில் இருந்த போர்த்துகீசியரையும் துணைக்கு அழைத்துக் கொண்டார் என்பதிலிருந்தே அமைச்சர் குடியின் வலிமை எத்தகையது என்பது விளங்கும். சபையில் ராயர் கூறியதாக நூனிஸ் தரும் செய்தி கல்லையும் கரைக்கும். நாற்பதாண்டுகளாக நாட்டை நடத்திய உம்மை நண்பராகவே கருதினேன் என்று தொடங்கிய மன்னர், என் கண்களைப் பிடுங்குமாறு என் தமையனார் இட்ட ஆணையை நீர் நிறைவேற்றவில்லை, ஆகவே அன்று உம் அரசருக்கு நீர் துரோகி. இன்று உம் மக்கள் எனக்குத் துரோகிகள் என்ற பொருள்படச் சொன்னாராம். தமக்குப் பார்வையும் முடியும் தந்த அதே நற்செயலைக் குற்றமாக்கி நீட்டினார்! துயரம் ஒரு பேரறிஞரின் வாயினின்று இத்தகைய வழக்கையும் வரவழைத்தது.

மூன்றாண்டுகள் அவர்கள் சிறையில் கிடந்தனர். திம்ம தண்டநாயகன் தப்பியோடி ஒரு மலைக்கோட்டையில் புகுந்து எதிர்த்து நின்றான். படை சென்று அவனைப் பிடித்துக் கொணர்ந்தது. அந்தணரைக் கொல்லும் வழக்கம் அந்நாட்டில் இல்லையாகலின், தந்தையின் கண்களும் மக்களின் கண்களும் பறிக்கப்பட்டன. தண்டநாயகன் சிறையிலேயே மாண்டான். முதியவர் மற்றொரு மகனுடன் இருளில் எஞ்சினார். ஒரு குழந்தையின் அரசுரிமையை முன்னிட்டு அண்ணன் கேட்ட கண்களை அன்று காத்துக் கொடுத்தவர், இன்னொரு குழந்தையின் அரசுரிமையை முன்னிட்டுத் தம் கண்களை இழந்தார். பெனுகொண்டாவில் அவர் நினைவைச் சுட்டும் இடங்களை இன்றும் அவ்வூரார் காட்டுவர்.

திம்மரசர் குற்றவாளியா என்பதில் வரலாற்றறிஞர் ஒரு மனத்தவர் அல்லர். கொண்டவீட்டை வென்று நிர்வகித்தவர், கோயில்களுக்கு வாரி வழங்கியவர் என்ற புகழ் ஆந்திர நாட்டில் அவருக்குக் குறையவில்லை. அவரைக் குற்றமற்றவராகக் கருதி இரங்கும் நாடகங்களும் கதைகளும் தெலுங்கில் மிகுதி.

அதன் பின்

மகனும் அமைச்சரும் இல்லாத ராயர் முன்போல் இல்லை. 1521க்குப் பின் அவர் திருமலைக்கு வந்ததாகக் கல்வெட்டில்லை. 1529இல் அவர் காலமாகும் தறுவாயில் பதினெட்டுத் திங்கள் நிறைந்த மற்றொரு ஆண்குழந்தை இருந்தது. ஆனால் ஒரு சிறுவனுக்கு முடிசூட்டிப் பட்ட பாடு அவருக்குப் போதும். சந்திரகிரிக் கோட்டையில் காவலில் இருந்த தம்பி அச்சுதராயரையே வாரிசாக அறிவித்தார். அச்சுதர் திருமலையில் வேங்கடமுடையான் சந்நிதியில் முதற்கண் முடிசூடினார். அச்சுதருக்குப் பின் 1542இல் அவருடைய இளமகன் வேங்கடனும் சொந்த மாமனாலேயே மாண்டான். அதன்பின் இராமராயர் கையில் அதிகாரம் சேர்ந்து, 1565 தலைக்கோட்டைப் போரில் அப்பெருநகரம் சாம்பலாயிற்று.

அந்த 1529ஆம் ஆண்டை ஒட்டியே மதுரையில் விசுவநாத நாயக்கரின் ஆட்சி தொடங்கியது. தந்தை நாகம நாயக்கர் பேரரசருக்கு மாறாகத் திரும்பியபோது, மகன் விசுவநாதரே படை நடத்திச் சென்று தந்தையைச் சிறைப்பிடித்து ராயர்முன் நிறுத்தினார் என்பர். ஒரு மகனை இழந்த வேந்தர், வேறொருவரின் மகனிடம் அத்தகைய உண்மையைக் கண்டு மதுரையை ஒப்படைத்தார் என்று பாண்டி நாட்டு மரபு பேசும். விசுவநாதரும் தளவாய் அரியநாத முதலியாரும் வகுத்த 72 பாளையங்களுள் போடிநாயக்கனூரும் ஒன்று. இங்குள்ள ஜமீன் அரண்மனைச் சுவர்களில் இராமகாதை ஓவியமாய் விரிந்திருப்பதும், மலையடிவாரத்தில் சீனிவாசன் கோயில் கொண்டிருப்பதும் அவ்வழி வந்த பயிர்களே.

ஹோஸ்பேட்டையினின்று அம்பிக்குச் செல்வோர் வழியில் அனந்தசயனகுடியில் இறங்கிச் சேவிக்கலாம். ஏனைய கோயில்களைப்போல் சதுரமான கருவறை அன்று. பள்ளிகொண்ட பெருமாளுக்கேற்ப நீள்சதுரமாக அமைந்தது. மேலே இருபுறமும் வளைந்த நெடிய விமானம் வெகு தூரத்தினின்றே தெரியும். ஹோளலு என்னும் ஊரில் செதுக்கப்பட்ட அனந்தசயனப் பெருமாள், ராயரின் பின்னே தாமே வர இசைந்து, திரும்பிப் பார்க்கலாகாது என்று பணித்தாராம். வழியில் மன்னர் ஐயுற்றுத் திரும்பிப் பார்த்துவிட, பெருமாள் அங்கேயே பள்ளிகொண்டு விட்டார் என்பது அவ்வூர்ச் செவிவழிக் கதை. ஹோளலுவில் அப்பெருமாள் இன்றும் சேவை சாதிக்கிறார். மகன் பெயரால் எழுந்த ஊரின் கோயிலிலோ, பெருமாள் சயனிப்பதற்கென அமைத்த நீண்ட கற்பீடம் வெறுமையாகவே கிடக்கிறது.